பந்தக்கால் நட்ட வீடு

முதலியார்பேட்டை முருகையனுக்கு மூச்சு நின்றது 1973ஆம் வருஷம் ஆவணி மாதத்தில். அவர் செத்துப்போனது 1985 தை மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் அவர் வீட்டில்தான் இருந்தார். முதல் சில வருஷங்கள் மில்லுக்கு வேலைக்கும் போய்வந்தார். அவருடைய ஒரே மகள் அஞ்சலாட்சிக்கும், ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் அக்காள் சின்னப்பாப்பாவின் மகன் இராமதாசுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, அந்த ஆவணியில் ஒரு புதன்கிழமை காலையில் வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை, விட்டுப்போன ஒரு வீட்டுக்குப் பாக்கு வைத்துவிட்டு வெயிலில் திரும்பி வந்த முருகையன், மகள் நீட்டிய தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை, செம்போடு சரிந்தார்.

நம் ஊரில் நிமிர்ந்து நின்று பாரம் தாங்குகிற எதையும் கால் என்றுதான் சொல்வார்கள். கீற்றுக் கூரைக்கு நடுவது கொட்டாய்க்கால். புதிதாகக் கான்கிரீட் போட்ட தளம் இறுகும்வரை அடியில் கொடுப்பது முட்டுக்கால். சாவு வீட்டில் நிழலுக்காக நாலு மூலையிலும் நடுவதும் கால்தான். எல்லாம் ஒரே சவுக்கு மரம், எல்லாம் அம்மாவாசையின் பந்தல் கடையிலிருந்து வாடகைக்கு வருவது. இந்த வாரம் பிள்ளைச்சாவடியில் வலை காயும் கொட்டாயைத் தாங்கிய மரம் அடுத்த வாரம் ஊருக்குள் யார் வீட்டு எழவுக்காவது நிற்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பந்தக்காலின் கதை வேறு. கல்யாணத்துக்கு முதன்முதலாக நடுகிற அந்த ஒற்றைக் காலை ஈசானிய மூலையில் குழி வெட்டி, பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் தொட்டு நிறுத்துவார்கள். கீற்றின் பாரம் அதன்மேல் ஏறாது, கல்யாணத்தின் பாரம் முழுக்க அதன்மேல்தான். அது நின்றுவிட்டால் அந்த வீட்டார் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, சாவுச் சேதி அவர்கள் வாசலுக்கு வரக் கூடாது, அந்த வீட்டில் சாவு விழவே கூடாது. மற்றவர்களுக்கு இது சம்பிரதாயம். முருகையன் மில்லில் சங்கு ஊதுவதற்கு முன்பே போய் நிற்கிற ஆள், ஒரு நாளும் ஒரு விதியை மீறியவர் இல்லை. அவர் இதையும் விதி என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த தெருவில் இருந்த டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் "ஃபினி" என்றார். முடிந்துவிட்டது என்கிற அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர் அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கிடையாது, முருகையனுக்கும் தெரியும். அவர் கண்ணைத் திறந்து, "பந்தக்கால் நட்டாச்சுங்களே டாக்டர்" என்றார், ரொம்பப் பணிவாக. டாக்டர் மறுபடி குழலை வைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அவர் பீஸ் வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

கூடியிருந்தவர்களில் நிலைமையை முதலில் புரிந்துகொண்டவள் சின்னப்பாப்பா. தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்தாள், கிணற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. "கால் நிக்கிற வரைக்கும் இந்த வூட்டுல சாவு வுழாது. என் தம்பி பொண்ணுக்குத் தாரை வாத்துக் குடுத்துட்டுத்தான் போவான். ஞாயித்துக்கெழம தாலி ஏறட்டும், மூணாம் நாள் பந்தலப் பிரிச்சிட்டு அழுதுக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவள் பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. உள்ளே நலங்கு மஞ்சளோடு உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சிக்கு மட்டும் அது வேறு விதமாகக் காதில் விழுந்தது. தாலி ஏறினால் மூன்றாம் நாள் அப்பா போய்விடுவார். அம்மா முகமே அவளுக்கு நினைவில்லை. தலை வாரிப் பின்னியது, பெரியவளானபோது தன் அக்காளை அழைத்துவந்து பக்கத்தில் நின்றது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் இந்த மனிதர்தான். தாலி ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகாது, கால் நின்றுகொண்டிருக்கும். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டு, தான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டதாகச் சொன்னாள். அந்த மூன்று நாளில் தாலி கட்டுகிற வழக்கம் இல்லை. அது பொய். அந்தப் பொய்யிலிருந்துதான் பன்னிரண்டு வருஷமும் ஆரம்பித்தது.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவளுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்ததற்குள் மார்கழி வந்துவிட்டது. பிறகு இராமதாசின் பெரியப்பா காலமாகி அந்த வீட்டில் ஒரு வருஷம் நல்ல காரியம் செய்வதற்கில்லை என்று ஆனது. அந்தச் சேதியை இராமதாஸ் தெருக்கோடியில் நின்று சொன்னபோது அஞ்சலாட்சிக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அடுத்தவர் சாவுக்குச் சந்தோஷப்பட்டோமே என்று பிற்பாடு நினைத்து நினைத்து அழுதாள். முருகையன் மில்லுக்குப் போனார். மில்லில் யாரும் நாடி பார்த்து வேலை கொடுப்பதில்லை. அவருக்கு முடி வளரவில்லை, நகம் வளரவில்லை, கொசு கடிக்கவில்லை. புதுச்சேரியில் கொசு கடிக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை, தெருவில் சிலர் பொறாமைகூடப் பட்டார்கள். மகள் வைக்கிற சோற்றைப் பிசைந்து, அவள் திரும்புகிற நேரம் பார்த்துக் காக்கைக்கு வைத்துவிட்டு, குழம்பு நன்றாக இருந்தது என்பார். வெயில் ஏறியதும் தெற்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். அஞ்சலாட்சி அதை ஒரு பழக்கம் என்று நினைத்தாள். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாள், எறும்பு ஏன் வருகிறது என்பதை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். மழை பெய்து ஓய்ந்தது, புயல் அடித்துத் தெருவில் முருங்கை மரமெல்லாம் சாய்ந்தது. சவுக்குக் கால் கறையான் அரிக்காமல் வைத்த இடத்தில் நின்றது.

இராமதாஸ் பொறுமைசாலி. ரெட்டியார்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை, சைக்கிளில் வருவான், மாமனிடம் அரை மணி பேசிவிட்டுப் போவான். நாலாம் வருஷம் ஒரு நாள் அவள் குழாயடிக்குப் போகும்போது கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"எனக்குத் தெரியும் அஞ்சல, நீ எதுக்காவ தள்ளிப் போடுறேன்னு. கல்யாணத்த முடிச்சிட்டு கால மட்டும் புடுங்காம வுட்டுடலாமே."

"அம்மாவாசையண்ணன்கிட்ட கேட்டுட்டேன் மாமா. தாலி ஏறிட்டா அதுக்கு வேல முடிஞ்சிதாம். மூணாம் நாள் அதுவே லூசாயிடுமாம், யாரு புடிச்சாலும் நிக்காதாம்."

"அப்ப நான் என்னா பண்ணட்டும்?"

அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "நீ வேற பொண்ணு பாத்துக்க மாமா" என்றாள். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்துதான் குடத்தைக் கவனித்தாள், காலிக் குடத்தையே திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து இராமதாஸ் வில்லியனூரில் ஜெயத்தைக் கட்டிக்கொண்டான். அஞ்சலாட்சி அந்தக் கல்யாணத்துக்குப் போய் மூன்றாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தாள். பாயசத்தை மட்டும் அவளால் முடிக்க முடியவில்லை.

முருகையனுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. இராமதாசை இவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி வேறு மாப்பிள்ளை தேடினார். அவள் ஒருவனுக்குக் காது பெரிது என்றாள், ஒருவன் ரொம்ப உயரம் என்றாள், கூட்டுறவுக் கடையில் நல்ல வேலையில் இருந்த ஒருவனை, சிரித்தால் ஈறு தெரிகிறது என்று திருப்பி அனுப்பினாள். மகளை அதட்டிப் பேச அவருக்கு வராது. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம் என்று நினைத்துக்கொள்வார். அவர் தூங்கி வருஷக்கணக்காகியிருந்தது. எலும்புக்குள் எப்போதும் குளிர் இருந்தது. நாக்கில் உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. இதில் எதையும் அவர் சொல்லவில்லை, சொன்னால் பெண் மனசு கஷ்டப்படும். தெருவில் யார் செத்தாலும் அந்த வீட்டிலிருந்து ஆள் வராததால், எழவுக்கு வராத வீடு என்று பேராகி, நல்லது கெட்டதற்கு அவர்களையும் யாரும் கூப்பிடுவதில்லை. இருவரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவருக்காக ஒருவர் பொறுத்துக்கொள்வதில் அந்த வீட்டாரை மிஞ்ச ஆளில்லை. பாவம், அதுதான் அவர்களைக் கெடுத்தது.

1984 கார்த்திகையில் சின்னப்பாப்பா இறந்துபோனாள். இராமதாஸ் வழக்கம் தவறாமல் தெருக்கோடி டீக்கடை ஓரமாக நின்று ஆள் அனுப்பி அஞ்சலாட்சியை வரவழைத்தான். அவனுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. "அம்மா போயிடுச்சி அஞ்சல. பொறந்த வூட்டுக் கோடி வரணுமேன்னு எல்லாம் காத்துகிட்டு இருக்காங்க. மாமாவால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாம எப்படிப் போறது?" என்றான். ஒரு பெண் எத்தனை பேரன் பேத்தி எடுத்தாலும், கடைசியில் அவள்மேல் முதலில் விழ வேண்டியது கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுப் புடவை. அது இல்லாமல் போவது நாதியற்றவள் போகிற போக்கு. அஞ்சலாட்சி எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தபோது, முருகையன் ஏற்கனவே சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். செத்தவர்களுக்கு இந்தச் சேதி யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

அவள் ஓடிப்போய் ஒரு சுங்குடிப் புடவை வாங்கிவந்து கொடுத்தாள். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தவர் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். மில்லுக்கு, கடைக்கு, எங்கும் போன பாதம் அன்று அந்தக் காலைத் தாண்டி எழவில்லை. காலை வெயில் உச்சிக்கு வந்து சாயும்வரை அப்படியே நின்றார். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் கடந்து போனார்கள். பொழுது சாயப்போகிறதே என்று ரெட்டியார்பாளையத்தில் வேறு யாரோ ஒருவர் கோடி போட்டு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் முருகையன் உள்ளே வந்து, புடவையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கக்கா இடுப்புல தூக்கி வளத்த ஒடம்புடி இது. அதுக்கு ஒரு கோடி போட வக்கில்ல. எப்ப நீ கல்யாணம் பண்ணிப்ப, எப்பத் தாரை வாத்துட்டுப் படுப்போம்னு நிக்கிறேன். குளுருதுடி எனக்கு. பன்னண்டு வருசமா குளுருது. ஒனக்கு என்னா கொறை? ஏன் பண்ணிக்க மாட்டேங்குற?"

"பண்ணிகிட்டா நீ போயிடுவியேப்பா."

"அதுக்காவா?"

"அதுக்குத்தான். வேற எதுக்கு?"

"குளுருதுன்னு சொல்லியிருந்தேன்னா பண்ணிகிட்டு இருந்திருப்பியா?"

"நீ சொல்லலியேப்பா."

"நீயும் சொல்லலியே" என்றார் முருகையன். அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்து அவர் மடியில் இருந்த கோடிப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருக்கு அழ ஆசையாக இருந்தது, ஆனால் கண்ணீர் ஊறுகிற இடம் எப்போதோ வற்றிப்போயிருந்தது. ஆகவே இருவருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே அழுதாள்.

மறுநாள் அவளே அம்மாவாசையைக் கூப்பிட்டுக் காலை எடுத்துவிடச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார், பிறகு முருகையனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். கடப்பாரை போட்டுச் சுற்றிலும் தோண்டினார்கள். கயிறு கட்டி ஆறு ஆள் இழுத்தார்கள். செங்கல் இறக்க வந்த டிராக்டரில் கட்டி இழுத்ததில் கயிறு அறுந்து டிராக்டர் சாக்கடையில் இறங்கியது. கால் மயிரிழைகூட அசையவில்லை. அம்மாவாசை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம்னு சொல்லி நட்டது. கல்யாணம் ஆவாம வராது தங்கச்சி" என்றார். அவள் சரி என்றாள். யாராக இருந்தாலும் சரி என்றாள். ஆனால் முப்பத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு, மூச்சில்லாத மாமனார் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு, யார் வருவார்கள்? இரண்டு பேர் வந்தார்கள். முருகையன் கும்பிட்டுக் கையைப் பிடித்ததும், அந்தச் சில்லிப்பில் இரண்டு பேரும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

கடைசியில் வழி சொன்னதும் அம்மாவாசைதான். தோஷம் உள்ளவர்களுக்கு முதலில் வாழை மரத்தோடு ஒரு கல்யாணம் செய்து வைப்பார்களே, அந்தக் கல்யாணமும் கல்யாணம்தானே, தானே நல்ல வாழைக்கன்று ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னார். அஞ்சலாட்சி வாசலில் இறங்கிப் பந்தக்காலைத் தொட்டாள். "வாழை எதுக்குண்ணே? இத்தினி வருசமா எனக்காவ வெயில்லயும் மழையிலயும் நிக்கிறது இதுதானே" என்றாள்.

தை மாதம் பந்தல் போட்டார்கள். பந்தக்காலுக்குப் பட்டு வேட்டி சுற்றி மாலை போட்டார்கள். முருகையன் மகளின் கையைப் பிடித்து அந்தச் சவுக்கு மரத்தின்மேல் வைத்துத் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்தார். தாலியைக் காலில் ஒற்றி எடுத்த பிறகு முடிச்சுப் போட நாத்தனார் முறைக்கு யார் என்று பார்த்தபோது, இராமதாசின் பெண்டாட்டி ஜெயம் யாரும் கேட்காமலே எழுந்து வந்து மூன்று முடிச்சும் போட்டாள். மாமியார் சாவுக்குத் தீட்டு கழிந்து அதிக நாள் ஆகவில்லை என்று யாரோ முணுமுணுத்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. இராமதாஸ் பந்தலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சிரிக்க வந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் தாரை வார்க்கும்போது முருகையனின் முகத்தைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று பந்தியில் உட்கார்ந்த முருகையன் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். அஞ்சலாட்சி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் மறுசோறு கேட்டார், பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிட்டார், மத்தியானம் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டாள். அந்த மூன்று நாளும் அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. சின்ன வயசில் அவள் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் தலை வாரிவிடுகிறேன் வா என்றார், நரை கலந்த தலையைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். இந்த மூன்று நாளுக்குத்தானா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொரு மூன்று நாள் கிடைத்தால் தேவலை என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை அம்மாவாசை கடப்பாரை இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். அஞ்சலாட்சி அவருக்குக் காபி கொடுத்தாள், ஆறிவிட்டதோ என்று வாங்கிச் சூடு பண்ணிக் கொடுத்தாள், இன்னும் அரை டம்ளர் குடிங்களேன் என்றாள். அவர் எல்லாவற்றையும் குடித்தார். பிறகு உள்ளே கட்டிலிலிருந்து முருகையன், "போதும்மா, அவரு வேலையப் பாக்கட்டும்" என்றார். அவள் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் அம்மாவாசை இரண்டு விரலால் பிடித்துத் தூக்க, கால் வந்துவிட்டது. "வரேம்மா" என்று சொன்ன அப்பாவின் வாய் அப்படியே நின்றது.

அதே பந்தலில் சாவும் நடந்தது. பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு வந்தபோது இராமதாஸ் முன்னால் வந்து, "எங்க மாமனுக்கு நான் வைக்கிறேன்" என்றான். அம்மாவாசை அவனைத் தனியாக அழைத்துப் போய், மகளைக் கட்டிய மருமகன் இருக்கும்போது மற்றவர் வைப்பது முறையில்லை என்று எடுத்துச் சொன்னார். இராமதாஸ் தலையை ஆட்டினான். பிறகு அந்தச் சவுக்குக் காலைத் தானே தோளில் சுமந்துகொண்டு சுடுகாடுவரை பாடைக்கு முன்னால் நடந்தான். அதன் நுனியில் நெருப்பை மூட்டி மருமகன் கையால் கொள்ளி வைத்தார்கள், முடிந்ததும் அதையும் சிதையிலேயே சேர்த்தார்கள். பூவும் பொட்டும் வைத்து நட்ட மரத்தை வேறொரு வேலைக்குக் கொடுக்க அம்மாவாசைக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் யார் எழவுக்கும் போகாத வீட்டுக்குத் தெரு முழுவதும் வந்தது. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்த வீடு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாரடித்து அழ வட்டமாக உட்கார்ந்த பெண்களுக்குத்தான் ஒரு குழப்பம் வந்தது. மூத்தவளான ஆயம்மா, தாலியோடு நடுவில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சியின் காதருகே குனிந்து, யாருக்கு முதலில் அழுவது, அப்பனுக்கா புருஷனுக்கா என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு எல்லாரும் அழுங்க" என்றாள் அஞ்சலாட்சி. "அவருக்கு நான் அழுதுக்கிறேன்."

பெண்கள் அப்படியே செய்தார்கள்.